ஐப்பசியில் ஆடிச் சுற்று

உ

சங்கரன்கோவில்,
ருத்ரோத்காரி வருஷம், ஐப்பசி மாதம் (1983)

பம்பாய் மாநகரில் சகல சௌபாக்கியங்களுடனும், ஒரே ஒரு சௌபாக்கியம் மட்டும் நீங்கலாக, வாழ்ந்துவரும் என் அருமை மைத்துனன் சிரஞ்சீவி சங்கரசுப்பிரமணியனுக்கு, அத்தான் கைலாசநாதன் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே நானும் உன் அக்காள் வடிவாம்பாளும் சுகம். நீயும் சுகம் என்பதை, உன்னிடமிருந்து கடிதம் வராததிலிருந்து தெரிந்துகொண்டோம். காய்ச்சல் வந்தால் மட்டும்தான் நீ எழுதுவாய். நிற்க. இக்கடிதத்தில் நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நீ கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும். அதுவும் இந்த ஐப்பசி முடிவதற்குள் சம்மதிக்க வேண்டும். இத்தனை வருஷமாக உன் சொந்த விஷயத்தில் தலையிடாத அத்தான் இப்போது ஏன் தலையிடுகிறார் என்று நீ ஆச்சரியப்படலாம். எல்லாவற்றுக்கும் காரணம் நீ விட்டுப்போன ஷூதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் அக்காள் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே இக்கடிதம் தபாலில் சேரும் என்பதால், இதில் ஒரு எழுத்தும் கூட்டிக் குறைத்து இராது.

புரட்டாசியில் லீவுக்கு வந்தவன், ரயிலேறப் போகும் அவசரத்தில், "காலைக் கடிக்கி அத்தான், நீங்க போட்டுக்கிடுங்க" என்று ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூவை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். சர்க்கார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நான், ஒரு பொருள் உபயோகமில்லாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். கோவிலுக்குப் போட்டுப் போனேன். வாசலில் கழற்றிவிட்டு, அம்மனைக் கும்பிடும் நேரமெல்லாம் ஷூவையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போனேன். கயிற்றை அவிழ்த்து நிமிர்வதற்குள் பந்தியில் இடம் போய்விட்டது. ஆகையால் விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் நடந்துவருவது என்று தீர்மானித்தேன். நடந்தவரையில் யாரிடமிருந்தும் யாதொரு ஆட்சேபணையும் எழவில்லை.

ஐப்பசி பிறந்து, நல்ல மழை விழுந்த மறுநாள் காலையில் பாதி ரோட்டில் இருக்கும்போது மறுபடியும் தூறல் பிடித்தது. தூரத்தில் ஒரு புளியமரம் தெரிந்தது. ஒதுங்குவதற்காக ஓடினேன். மரத்தை எட்டும்போது மழை நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. மரத்தைத் தாண்டியும் ஓடினேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. ரெண்டு பக்கமும் கரிசல் நனைந்து, மண்வாசனை மூக்கில் ஏறுகிறது. உளுந்து இப்போதுதான் முளைத்து ரெண்டு ரெண்டு இலையாக நிற்கிறது. சித்திரை வெயிலில் சட்டியாகக் காய்கிற அதே ரோட்டில் குளுகுளுவென்று காற்று முகத்தில் அடிக்கிறது. மாப்பிள்ளை, மறைப்பானேன், ரொம்ப நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அக்காளிடம் மழையில் மாட்டிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மழையில்லை. அப்படியும் ஓடினேன்.

சனியன் அங்கேதான் பிடித்தது. நம் பக்கத்தில் ரோட்டில் ஒருவன் ஓடினால் அவன் பஸ்ஸுக்கு ஓடுகிறான் என்று அர்த்தம். வேறு எதற்கும் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் வந்த பஸ், என்னைத் தாண்டிப் போய், தானாகவே நின்றது. கண்டக்டர் மைதீன் பாட்சா படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "ஓடி வாங்க அண்ணாச்சி, ஓடி வாங்க! நிப்பாட்டிட்டோம்லா!" என்று கூப்பிட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நான் இருக்கிறேன், விட்டுப் போய்விடாதீர்கள் என்று கையாட்டுவதாக அவர் எடுத்துக்கொண்டார். பஸ் நிறைய ஜனம் எனக்காகத் தலையை நீட்டிக் காத்திருக்கும்போது, நான் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பது மரியாதையாகுமா? ஏறிவிட்டேன். முன் சீட்டிலிருந்த ஒரு அம்மாள், "வயசான காலத்துல கொஞ்சம் வெள்ளனக் கிளம்பப்பிடாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கரிவலத்தில் எனக்கு ஒரு ஜோலியும் இல்லை. போனதுக்கு சுவாமி கும்பிட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். "போன காரியம் முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர். முடிஞ்சிட்டு என்றேன். அன்று முதல் அந்த பஸ் என்னைக் கண்டால் நிற்காமல் போனதில்லை. எதிர்த் திசையில் ஓடிப் பார்த்தேன். "இன்னைக்கு அங்கனருந்து இங்கனயா?" என்று திரும்பி வரும் நடையில் நிறுத்தினார்கள்.

பஸ் வராத இடமாகப் பார்த்து ஓடுவோம் என்று வண்டிப்பாதையில் இறங்கினேன். மழை குடித்த கரிசலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கால் எடுத்து வைத்தால் அரைக் காணி நிலம் ஷூவோடு கூட வருகிறது. அதையும் பொறுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நம் துரைப்பாண்டி என்னைப் பார்த்துவிட்டான். தலைமைக் குமாஸ்தா அண்ணாச்சி தலைதெறிக்க ஓடுகிறார் என்றால் ஊருக்குள் என்னவோ விபரீதம் என்று, கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் என் பின்னால் ஓடிவந்தான். அவன் ஓடுவதைப் பார்த்து, வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். துரைப்பாண்டி ஓடுவதைப் பார்த்து ஆடுகளும் ஓடிவந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். கம்பும் மண்வெட்டியுமாக ஆட்கள் பாய்ந்து வருவதைப் பார்த்தால் யாருக்குத்தான் குலை நடுங்காது? இன்னும் வேகமாக ஓடினேன். நான் வேகம் பிடித்ததும் விஷயம் இன்னும் பெரிது என்று அவர்களும் வேகம் பிடித்தார்கள். இப்படியே பஜாருக்குள் நுழைந்தோம். முன்னால் நான், பின்னால் ஆட்கள், அதற்குப் பின்னால் ஆடுகள். அப்போதுதான் பலகையை எடுத்துக் கடை திறந்துகொண்டிருந்தவர்கள் எடுத்த பலகையை மறுபடியும் மாட்டிவிட்டார்கள். பஜாரே அடைத்துப் போயிற்று. தையல்கடை பாதுஷா மட்டும் ஒற்றைப் பலகை இடுக்கு வழியாக, "ஏலே துரைப்பாண்டி, எங்கலே கலவரம்?" என்று கேட்டார். துரைப்பாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கென்ன தெரியும் பாய்? அண்ணாச்சி ஓடினாவ, நாங்களும் ஓடினோம்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஷூவிலிருந்த மண்ணைப் பார்த்தேன்.

இனி ஊருக்கு வெளியே ஓடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஊருக்குள்ளே, விடிகிற நேரத்தில், பஸ்ஸும் வராத ஆடும் வராத இடம் கோவிலைச் சுற்றியுள்ள நாலு ரத வீதிதான். அகலமான வீதி, சமதளம், மேடு பள்ளமில்லை. என் சர்வீஸிலும் அதற்குப் பிறகும் நான் எடுத்த முடிவுகளிலேயே மிகவும் யோசித்து எடுத்த முடிவு இதுதான். கெடுத்ததும் இதுதான்.

நீ பம்பாய்க்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டதால் ஞாபகப்படுத்துகிறேன். நம் ஊரில் ஆடித் தபசுக்குக் கொடியேறியதும் ஜனங்கள் வேண்டிக்கொண்டு கோவிலை ஆடிச் சுற்று சுற்றுவார்கள். ஓட்டமும் நடையுமாகச் சுற்றுகிறவர்களுடைய கால் வலியையெல்லாம், ஒற்றைக் காலில் தபசு நிற்கும் கோமதியம்மன் வாங்கிக்கொள்கிறாள் என்று நம்பிக்கை. ஆகவே நம் ஊரில் ஒருவன் ரத வீதியில் வேர்க்க விறுவிறுக்க வலம் வந்தால், அவனுக்கு ஏதோ பெரிய கஷ்டம், பெரிய வேண்டுதல். நான் வலமாகத்தான் ஓடினேன். இந்த ஊரில் பிறந்தவன் கோவிலை இடமாகச் சுற்றுவானா?

முதல் நாளே எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் என் நெற்றியில் திருநீறு பூசினார். ஓட்டத்தை நிறுத்தாமலே பூசிக்கொண்டேன். இன்னொரு வீட்டில் செம்பில் நீர்மோர் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். நாலாவது மூலையில் ஒருத்தர், "என்னவே இது, சாமியைச் சுத்துதீரு, காலுல பூட்ஸா?" என்று சத்தம் போட்டார். அவர் சொல்வதும் சரிதானே என்று கழற்றினேன். வீதியில் விட்டுப் போனால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே ரெண்டையும் ரெண்டு கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். உன் ஷூவை நான் ஊர் சுற்றிக் காட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஆடி போயி ஐப்பசி வந்துட்டு, இப்பப் போயிச் சுத்துதாவளே, அப்பிடி என்ன அவசரமோ" என்று பெண்கள் என் காதுபடவே உச்சுக் கொட்டினார்கள். சும்மாதான் ஓடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டுதலை வெளியே சொல்லமாட்டாராம், அவ்வளவு பக்தியாம் என்று அதற்கும் உச்சுக் கொட்டினார்கள்.

அதற்குப் பிறகு மனுக்கள் வர ஆரம்பித்தன. தேரடியில் பூ விற்கும் கோமதித்தாய் ஆடியில் நேர்ந்துகொண்ட சுற்றை முழங்கால் வலியால் முடிக்கவில்லையாம். "அண்ணாச்சி, நீங்க எப்பிடியும் ஓடத்தான போறிய, எம் பாக்கியையும் அதோட சேத்துக்கிடுங்க. எங்க கோமதியம்மா ஒண்ணும் நெனைக்கமாட்டா" என்று ஒரு முழம் பூவை என் கையில் வைத்தாள். அது வேண்டுதலின் முறையாகுமா என்று கேட்டேன். "மனசு எனக்கு, காலு உங்களுக்கு. ரெண்டும் சேந்தா முழுச்சுத்துதான" என்றாள். மறுப்புச் சொல்ல எனக்கு விதி எதுவும் அகப்படவில்லை. அவளுக்குச் செய்தால் அடுத்தவருக்குச் செய்யாமல் இருக்க முடியுமா? மூட்டுவலிக்காரர்கள், மூச்சிரைப்புக்காரர்கள், மாமியாருக்காக நேர்ந்துகொண்டுவிட்டு இப்போது வருத்தப்படுகிறவர்கள், எல்லோரும் தேரடியில் வரிசையாக நிற்கிறார்கள். ஆபீஸில் இருந்த காலத்தில் தினம் இத்தனை மனுக்களைப் பைசல் செய்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு செய்தேன். எனக்காக ஓட எனக்கு ஒரு சுற்றுகூட மிஞ்சவில்லை.

இதற்கிடையில் வீட்டுக்கு ஜனம் வர ஆரம்பித்தது. கரிவலத்திலிருந்து உங்கள் நெல்லையம்மாள் சித்தி ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து இறங்கினாள். அடுப்படியில் நின்று உலக்கையைத் தூக்கி முறுக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த உன் அக்காளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எழுந்து நடமாடுதியேம்மா, அதுவே பெரிசு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நாள் எதிர்வீட்டிலிருந்து வந்தார்கள். அதற்கடுத்த நாள் என் பழைய ஆபீஸிலிருந்து பியூன் உள்பட வந்தார்கள். புருஷன் இப்படிக் கால் தேய ஓடுகிறார் என்றால் பெண்டாட்டிக்குத்தான் ஏதோ என்று ஊர் தீர்மானித்துவிட்டது. உனக்குத் தெரியும், உன் அக்காளுக்குச் சின்ன இருமலைத் தவிர நோய் என்று ஒன்று இதுவரை வந்ததில்லை. மற்றவர்களுக்கு வரவைக்கக்கூடிய திடகாத்திரம். (இந்த வரியை எடுக்கச் சொன்னாள். அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டிருக்கிறேன்.)

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எதுக்கு ஓடுதிய?"

"நல்லா இருக்கு, ஓடுதேன்" என்றேன்.

"நல்லா இருக்குன்னு இதுக்கு முந்தி என்ன செஞ்சிருக்கிய?"

யோசித்தேன் மாப்பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து யோசித்தேன். அதற்கு முந்தியும் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்பதற்காக நான் செய்த காரியம் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆபீஸுக்குப் போனேன், வந்தேன். கோவிலுக்குப் போனேன், வந்தேன். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் உன் அக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப எனக்குத்தான். போன மாசம் இருமல்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியள்லா, அப்பவே உங்களை மட்டும் தனியாக் கூப்பிட்டு என்னமோ சொல்லியிருக்காரு. எங்கிட்ட மறைக்கிய."

"உனக்கு ஒண்ணுமில்ல வடிவு. கல்லுக்குண்டு மாதிரி இருக்க."

"அப்ப உங்களுக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்காக அழுது நான் பார்த்ததில்லை. என்னால் அழுதுதான் பார்த்திருக்கிறேன். சந்தோஷத்துக்காக ஓடுகிறேன் என்று மறுபடியும் சொன்னேன். அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதாள். பெரிய வெங்கலப் பானையை யாருக்குக் கொடுப்பது என்றுவரை போய்விட்டாள். ஒரு பொம்பளை இப்படி அழுதால் ஆம்பளை என்னதான் செய்வான்? வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். (அம்மன்தான் அதை என் வாயில் வரவைத்தாள் என்று, இந்த வரியைப் படித்த உன் அக்காள் சொல்கிறாள்.)

"உன் தம்பிக்கு ஒரு கல்யாணம் ஆகணும்னு வேண்டிக்கிட்டு ஓடுதேன். போதுமா?"

உன் அக்காளுக்கு அழுகை நின்றுவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணப் பந்தலில்கூட என்னை அப்படிப் பார்க்கவில்லை. "எந் தம்பிக்காகவா? நீங்களா?" என்றாள். எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள், டிக்காஷன் திக்காக. உன்னைத் தூக்கி வளர்த்தவள் அல்லவா. நீ ஒண்டிக்கட்டையாக அங்கே ஓட்டலில் சாப்பிடுவதை நினைத்து அவள் எத்தனை நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். (இந்த வரியையும் எடுக்கச் சொன்னாள்.)

மறுநாள் காலை, நான் எழுந்திருப்பதற்கு முன்பே அவள் எழுந்து வெந்நீர் போட்டிருந்தாள். அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் இளையரசனேந்தல் வரைக்கும் தெரிந்துவிட்டது. எப்படி என்றால், அங்கிருந்து ஒரு ஜாதகம் வந்துவிட்டது. நெல்லையம்மாள் சித்தியின் ஓரகத்தி வழியில் பெண். டீச்சர் வேலை பார்க்கிறாள். பெயர் பேச்சித்தாய். உன்னைவிடக் கெட்டிக்காரி என்று சித்தி சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "மச்சினனுக்காக இப்பிடி ஓடுத அத்தான் இருக்குத குடும்பத்துல பொண்ணக் குடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று பெண்ணின் தகப்பனார் சொன்னாராம். அவர் நேரில் தேரடிக்கு வந்து நான் ஓடுவதைப் பார்த்துவிட்டும் போனார். கடைசிச் சுற்றில் எனக்கு வேட்டி அவிழ்ந்தது அவருக்குத் திருப்தியாகவே இருந்ததாகத் தெரிகிறது. அவ்வளவு மெய்மறந்த பக்தியாம்.

ஆகவே மாப்பிள்ளை, நிலைமை இதுதான். அம்மனின் ஐப்பசித் திருக்கல்யாணத் திருநாள் நெருங்கிவிட்டது. உடனே ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. பெண்ணைப் பார். சரி என்று ஒரு வார்த்தை சொல். நீ சரி என்றால் அம்மனுக்குப் புடவை சாத்தி என் வேண்டுதலை முடித்துவிடலாம், உங்கள் கால் ஓயட்டும் என்று உன் அக்காள் சொல்கிறாள். ஷூவைக் கழுவிக் காயவைத்துப் பரணில் போட இடம்கூட ஒதுக்கிவிட்டாள். ஓய்வு பெற்றவன் ஓய்வாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பமும் ஆகும். வயதான அத்தான் உனக்காக வெறுங்காலோடு ஓடுவதை மனதில் கொண்டு, மறு தபாலில் சம்மதம் எழுதவும்.

மழைக்காலம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே. சங்கரலிங்க சுவாமியும் கோமதியம்மனும் உன்னோடு பம்பாய் வரைக்கும் துணை இருப்பார்களாக. உன் அக்காள் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். துரைப்பாண்டியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நாடும் அத்தான்,
கைலாசநாதன்

பின்குறிப்பு: மேலே கண்டதை உன் அக்காள் படித்து, ஒப்புக்கொண்டு, கவரில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். இதைத் தபாலாபீஸ் மேஜையில், கயிற்றில் கட்டிப் போட்ட பேனாவால், ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். மேலே கண்ட எதையும் பொருட்படுத்தாதே. தயவுசெய்து சம்மதித்துவிடாதே. உனக்காக ஓடுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து பஸ் எனக்காக நிற்பதில்லை, மைதீன் பாட்சா ஒரு சலாம் வைப்பதோடு சரி. துரைப்பாண்டி ஆடுகளை மறித்து எனக்கு வழிவிடுகிறான். குடும்பக் காரியம் அவசரம் என்று கோமதித்தாயே மனுக்களையெல்லாம் தள்ளிவைத்துவிட்டாள். தேரடியில் பேருக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டு, மூலை திரும்பி, மடியிலிருக்கும் ஷூவை மாட்டிக்கொண்டு, கரிவலம் ரோட்டில் இறங்கிவிடுகிறேன். புளியமரத்தைத் தாண்டியும் போகிறேன். உளுந்து ஒரு ஜாண் உயரம் வந்துவிட்டது. எதற்கு ஓடுகிறாய் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. என் ஆயுளில் இப்படி இருந்ததில்லை மாப்பிள்ளை. நீ சரி என்று எழுதிய அன்றைக்கே ஷூ பரணுக்குப் போய்விடும். ஜாதகம் பொருந்தவில்லை, லீவு கிடைக்கவில்லை, எதையாவது எழுதித் தள்ளிப்போடு. ஆனால் பேச்சித்தாயின் போட்டோவை உள்ளே வைத்திருக்கிறேன், பெண் நிஜமாகவே லட்சணமாக இருக்கிறாள். உன் அக்காளும் பாவம். அதைப் பார்த்து உன் மனசு இளகிவிட்டால், தடுக்க நான் யார், தாராளமாகக் கட்டிக்கொள். எனக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு கார்டு போட்டுவிடு. உங்களுக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று ஓட ஆரம்பித்துவிடுகிறேன்.